நவஹோ நிலத் துப்பறியும் புதினங்கள்

நவஹோ நிலத் துப்பறியும் புதினங்கள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ பழங்குடி மக்களின் நிலப்பகுதியைக் களமாகக் கொண்ட குற்றப் புனைவுகள் ஆகும். இவ்வகையை நிலைநிறுத்தியவர் அமெரிக்க எழுத்தாளர் டோனி ஹில்லர்மன் (மே 27, 1925 – அக்டோபர் 26, 2008) ஆவார். 1970 முதல் 2006 வரை இவர் எழுதிய 18 புதினங்களில் நவஹோ பழங்குடிக் காவல்துறையைச் சேர்ந்த ஜோ லீப்ஹார்ன், ஜிம் சீ ஆகியோர் துப்பறிவாளர்களாக வருகின்றனர். ஹில்லர்மனின் மகள் ஆன் ஹில்லர்மன் 2013 முதல் இவ்வரிசையைத் தொடர்ந்து எழுதி வருகிறார்.

இப்புதினங்களில் குற்றவாளி யார் என்ற கேள்வியுடன் வேறொரு கேள்வியும் எப்போதும் உடன் வருகிறது. ஒரு மக்களின் நிலத்தில் நடந்த குற்றத்தை விசாரிக்கவும் தீர்ப்பளிக்கவும் உரிமை உடையவர் யார் என்பதே அது. அம்மக்களின் கதையைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி இப்புதினங்களை நோக்கியே பின்னாளில் எழுப்பப்பட்டது.

களம்

நவஹோ மக்கள் தம் மொழியில் தம்மைத் 'தினே' என அழைத்துக்கொள்கின்றனர். இச்சொல்லுக்கு 'மக்கள்' என்பது பொருள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்துள்ள நவஹோ தேசம் ஏறத்தாழ 71,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஐக்கிய அமெரிக்காவில் தொல்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களுள் இதுவே மிகப்பெரியது. இதன் தலைநகர் அரிசோனாவில் உள்ள விண்டோ ராக் ஆகும்.

1864 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் நவஹோ மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து வெளியேற்றி, கிழக்கு நியூ மெக்சிகோவில் இருந்த பாஸ்க் ரெடோண்டோ என்ற தடுப்பிடத்திற்கு நடத்திச் சென்றனர். 'நெடும் நடை' என அறியப்படும் இந்நிகழ்வில் பலர் உயிரிழந்தனர். 1868 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி எஞ்சியோர் தம் நிலத்திற்குத் திரும்பினர்.

இந்நிலம் பெரும்பாலும் வறண்ட மேட்டுநிலமாகும். செந்நிறப் பாறைகள், ஆழ்ந்த பள்ளத்தாக்குகள், நெடுந்தொலைவு பரந்து கிடக்கும் மண்சாலைகள் ஆகியன இதன் இயல்புகள். வீடுகள் ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தள்ளி அமைந்துள்ளன. இவ்வளவு பெரிய பரப்பைக் காக்கும் நவஹோ காவல்துறையில் அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 200 காவலர்களே பணியாற்றி வந்துள்ளனர். உதவிக்கு மற்றொரு காவலர் வந்து சேர மணிக்கணக்கில் ஆகும் நிலை புதினங்களின் கதையோட்டத்தில் முதன்மையான இடம் பெறுகிறது.

சட்டப் பின்னணி

இப்புதினங்களைப் புரிந்துகொள்ள, பழங்குடி நிலங்களில் குற்றவியல் அதிகாரம் எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்பதை அறிதல் வேண்டும். குற்றம் எது, அதைச் செய்தவர் யார், பாதிக்கப்பட்டவர் யார், குற்றம் நிகழ்ந்த இடம் எது ஆகிய நான்கையும் பொறுத்து அதிகாரம் மாறுபடும்.

1885 ஆம் ஆண்டின் பெருங்குற்றங்கள் சட்டம், தொல்குடியினர் ஒருவர் தம் நிலத்தில் செய்யும் கொலை போன்ற கடுங்குற்றங்களை நடுவண் அரசின் நீதிமன்ற அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவந்தது. ஆகவே நவஹோ நிலத்தில் நடக்கும் கொலையை விசாரிக்கும் முதன்மைப் பொறுப்பு எப்.பி.ஐ எனப்படும் நடுவண் புலனாய்வுச் செயலகத்தைச் சாரும். கொலைசெய்தவரும் கொலையுண்டவரும் தொல்குடியினர் அல்லாதவராயின் அவ்வழக்கு மாநில அரசின் அதிகாரத்தில் அடங்கும். 1978 ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒலிபெண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பின்படி, தொல்குடியினர் அல்லாதவர் மீது குற்ற வழக்கு நடத்தும் அதிகாரம் பழங்குடி நீதிமன்றங்களுக்கு இல்லை. 2013 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே குடும்ப வன்முறை போன்ற சில குற்றங்களில் இத்தடையை ஓரளவு தளர்த்தியது.

நியூ மெக்சிகோவின் வடமேற்கில் 'சதுரங்கப் பலகை' எனப்படும் பகுதி உள்ளது. இங்கு பழங்குடி நிலம், தனியார் நிலம், மாநில நிலம், நடுவண் அரசு நிலம் ஆகியன கட்டம் கட்டமாகக் கலந்து கிடக்கின்றன. ஒரு பிணம் வேலியின் எப்பக்கத்தில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தே விசாரிப்பவர் யார் என்பது முடிவாகும்.

இதனால் லீப்ஹார்னும் சீயும் பெரும்பாலும் தமக்கு உரிமையில்லாத வழக்குகளிலேயே ஈடுபடுகின்றனர். காணாமற்போன சிறுவனைத் தேடுதல், சிறு திருட்டு ஒன்றை விசாரித்தல் போன்ற எளிய பணியே அவர்களுக்குத் தரப்படுகிறது. அதனூடாக அவர்கள் கொலையின் உண்மையைக் கண்டடைகின்றனர். எப்.பி.ஐ முகவர்கள் வெளியூரிலிருந்து வந்து சில ஆண்டுகளில் இடம் மாறிச் செல்வோராகவும், மொழியும் நிலமும் அறியாதோராகவும் காட்டப்படுகின்றனர்.

டோனி ஹில்லர்மன்

ஹில்லர்மன் ஒக்லகோமா மாநிலத்தில் சேக்ரட் ஹார்ட் என்னும் சிற்றூரில் எளிய வேளாண் குடும்பத்தில் பிறந்தார். அவர் கல்வி கற்ற பள்ளி தொல்குடிச் சிறுமியருக்காக நடத்தப்பட்டதாகும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் போரிட்ட அவர், 1945 ஆம் ஆண்டில் கண்ணிவெடியில் சிக்கிக் கால்களிலும் கண்களிலும் கடுங்காயம் அடைந்தார். வெள்ளி விண்மீன் உள்ளிட்ட பதக்கங்கள் அவருக்கு வழங்கப்பட்டன.

அதே ஆண்டில் உடல் தேறிவரும் விடுப்பில் இருந்தபோது, எண்ணெய்க் கிணற்றுக் கருவிகளை ஏற்றிய சரக்குந்தை நியூ மெக்சிகோவுக்கு ஓட்டிச் சென்றார். கிரவுன்பாயிண்ட் அருகே, போரிலிருந்து திரும்பிய நவஹோ வீரர்களுக்காக நடந்த 'பகைவர் வழி' என்ற சடங்கை அங்கு காண நேர்ந்தது. போர்க்களத்தில் பிணங்களையும் பகைவரையும் அணுகியதால் ஏற்பட்ட கேட்டை நீக்கி, வீரனை மீண்டும் சமநிலைக்குக் கொண்டுவருவது அச்சடங்கின் நோக்கமாகும். தாமும் காயமுற்றுத் திரும்பிய போர்வீரராக இருந்த ஹில்லர்மனின் உள்ளத்தில் இந்நிகழ்வு ஆழப் பதிந்தது.

பின்னர் அவர் இதழாளராகப் பணியாற்றி, சாண்டா பே நகரின் த நியூ மெக்சிகன் நாளிதழின் ஆசிரியரானார். 1966 முதல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தார். ஆத்திரேலியத் தொல்குடி மரபில் வந்த துப்பறிவாளரைப் படைத்த ஆர்தர் அப்பீல்டின் புதினங்கள் தமக்குத் தூண்டுதலாக இருந்தன என அவர் கூறியுள்ளார்.

அவருடைய முதற் புதினமான த பிளெஸ்ஸிங் வே 1970 இல் வெளிவந்தது. கையெழுத்துப் படியைப் படித்த அவருடைய இலக்கிய முகவர், தொல்குடியினர் பற்றிய பகுதிகளை நீக்கிவிடுமாறு அறிவுரை கூறினார். ஹில்லர்மன் அதனை ஏற்காமல் படியை நேரடியாகப் பதிப்பாசிரியர் ஜோன் கானுக்கு அனுப்பினார். நீக்குமாறு கூறப்பட்ட அப்பகுதிகளே பின்னாளில் அவர் நூல்களின் தனித்தன்மையாயின.

முதன்மைக் கதைமாந்தர்

ஜோ லீப்ஹார்ன்: நவஹோ காவல்துறையில் லெப்டினன்ட். அரிசோனாவில் பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர். எந்நிகழ்வுக்கும் காரணம் உண்டு, நிகழ்வுகளுக்கிடையே ஓர் ஒழுங்கு உண்டு என நம்புபவர். தம் அலுவலகச் சுவரில் உள்ள நிலப்படத்தில் குற்றம் நிகழ்ந்த இடங்களை வண்ணக் குண்டூசிகளால் குறித்து வைப்பது அவருடைய வழக்கம். சூனிய நம்பிக்கையை அவர் வெறுக்கிறார். எனினும் இளமையில் ஒரு வழக்கில் சூனியம் பற்றிய வதந்தியைப் புறக்கணித்து, அதன் விளைவாக உயிர்கள் பறிபோனதை அவர் மறப்பதில்லை. பிறர் நம்புவதைத் தாம் நம்பாவிடினும் அந்நம்பிக்கையைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். மனைவி எம்மாவின் மறைவுக்குப் பிந்தைய அவருடைய துயரம் எ தீப் ஆப் டைம் புதினத்தின் அடிநாதமாக உள்ளது.

ஜிம் சீ: 1980 இல் வெளியான பீப்பிள் ஆப் டார்க்னஸ் புதினத்தில் அறிமுகமானவர். மானிடவியல் பயின்ற இளைஞர். காவல் பணியுடன், சடங்குப் பாடகராகிய 'ஹத்தாலி' ஆவதற்கும் தம் மாமனிடம் பயிற்சி பெறுகிறார். பல நாட்கள் நீளும் சடங்கின் பாடல்களையும் மணல் ஓவியங்களையும் பிழையின்றி மனப்பாடம் செய்தல் ஹத்தாலியின் கடமையாகும். பிணத்தை அணுகாமல் விலக வேண்டிய ஹத்தாலியின் ஒழுக்கமும், பிணத்தை ஆராய வேண்டிய காவலரின் கடமையும் சீயிடம் ஓயாமல் மோதுகின்றன.

பெர்னடெட் மானுவலிட்டோ: பிற்காலப் புதினங்களில் வரும் இளம் பெண் காவலர். ஆன் ஹில்லர்மனின் புதினங்களில் இவரே முதன்மைத் துப்பறிவாளர் ஆகிறார்.

லீப்ஹார்னும் சீயும் முதன்முதலில் இணைந்து செயற்படும் புதினம் 1986 இல் வெளியான இசுகின்வாக்கர்ஸ் ஆகும். இதில் சீ உறங்கும் இழுவை வீட்டின் சுவரைத் துளைத்து இரவில் துப்பாக்கிச் சூடு நடக்கிறது. சிதறிய குண்டுகளுக்கிடையே எலும்பு மணி ஒன்று கிடைக்கிறது. எலும்புத் துண்டைப் பகைவரின் உடலில் செலுத்துவது சூனியக்காரரின் வழக்கம் என்பது நவஹோ நம்பிக்கை. ஆகவே அம்மணி ஒரே நேரத்தில் தடயமாகவும் அச்சுறுத்தலாகவும் அமைகிறது.

துப்பறியும் முறை

இப்புதினங்களில் பண்பாட்டு அறிவே முதன்மையான துப்பறியும் கருவியாகும். அதற்குச் சில எடுத்துக்காட்டுகள்:

ஹோகனும் இறப்பும்: ஹோகன் என்பது வாயில் கிழக்கு நோக்கி அமைந்த மரபுவழி நவஹோ வீடு. அதனுள் ஒருவர் இறந்தால் அவருடைய தீய கூறாகிய 'சிண்டி' அங்கேயே தங்கிவிடும் என்பது நம்பிக்கை. எனவே வடக்குச் சுவரை உடைத்துப் பிணத்தை வெளியே எடுத்தபின் வீட்டைக் கைவிட்டுவிடுவர். த கோஸ்ட்வே புதினத்தில் ஒரு பிணம் மரபு முறைப்படி கிடத்தப்பட்டுள்ளது. ஆயினும் அதன் தலைமுடி கழுவப்படவில்லை. முறை அறிந்த முதியவர் ஒருவர் இதை ஏன் செய்யாமல் விட்டார் என்ற ஐயத்திலிருந்தே சீயின் விசாரணை வளர்கிறது. அம்முறையை அறியாத எப்.பி.ஐ முகவர்களுக்கு அங்கு ஐயத்திற்கு இடமே இல்லை.

குலமுறை: நவஹோ சமூகத்தில் 60க்கும் மேற்பட்ட குலங்கள் உள்ளன. குலம் தாய்வழியாக வருகிறது. ஒருவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போது தாயின் குலத்தையும் தந்தையின் குலத்தையும் கூறுவார். குல உறவு தெரிந்த காவலர், யார் யாருக்குப் புகலிடம் அளிப்பார், யார் யாரைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்பதை ஊகிக்க முடியும்.

காத்திருத்தல்: ஒரு வீட்டை அடைந்ததும் கதவைத் தட்டாமல், வீட்டார் தாமாக வெளியே வரும்வரை வண்டியிலேயே அமர்ந்திருப்பது மரியாதை. பேசுபவர் முடித்தபின்னரும் சற்று நேரம் அமைதி காப்பது வழக்கம். அந்த அமைதிக்குப் பின் வரும் சொல்லே பல புதினங்களில் வழக்கின் முடிச்சை அவிழ்க்கிறது.

தடம் பார்த்தல்: மண்ணில் பதிந்த சக்கரத் தடம், காலடி, காற்றின் திசை, கடைசியாக மழை பெய்த நாள் ஆகியவற்றிலிருந்து நிகழ்வின் வரிசை கணிக்கப்படுகிறது.

குற்றமும் நீதியும்

நவஹோ சிந்தனையில் 'ஹோஷோ' என்ற கருத்து மையமானது. அழகு, நலம், ஒத்திசைவு ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிக்கும் சொல் இது. இந்நோக்கில் குற்றம் என்பது ஒத்திசைவின் முறிவாகும். குற்றம் செய்தவர் நோயுற்றவரைப் போல் கருதப்பட்டு, சடங்கின் மூலம் மீட்கப்பட வேண்டியவராகிறார். நவஹோ நீதித்துறை 1982 இல் ஏற்படுத்திய அமைதியாக்க நீதிமன்றம், இரு தரப்பினரையும் உறவினரையும் ஒன்றாக அமரவைத்துப் பேசித் தீர்க்கும் மரபு முறைக்கு இடமளித்தது.

அமெரிக்கக் குற்றவியல் சட்டம் இதற்கு மாறாகத் தண்டனையை முதன்மைப்படுத்துகிறது. இவ்விரு நீதிகளுக்கிடையே நவஹோ காவலர் நிற்கின்றார். பழிவாங்கும் விருப்பத்தைத் தம்மால் புரிந்துகொள்ள முடியவில்லை எனச் சீ பலமுறை உணர்கிறார். இவ்வரிசையில் சில வழக்குகளின் உண்மை முழுமையாக வெளிப்பட்ட பின்னரும் நீதிமன்றத்தை அடைவதில்லை.

1998 இல் வெளியான த பர்ஸ்ட் ஈகிள் புதினத்தில், நவஹோ காவலர் ஒருவரைக் கொன்றதாக ஹோப்பி இளைஞர் ஒருவரைச் சீ கைது செய்கிறார். அவருக்கு மரணதண்டனை பெற்றுத்தர நடுவண் அரசு வழக்கறிஞர் முனைகின்றார். இக்கேள்வி கதையோடு முடிந்துவிடவில்லை. 1994 ஆம் ஆண்டுச் சட்டம், பழங்குடி நிலத்தில் நிகழும் கொலைக்கு மரணதண்டனை விதிக்க அப்பழங்குடி அரசின் ஒப்புதலைக் கோருகிறது. நவஹோ தேசம் அவ்வொப்புதலை அளிக்கவில்லை. இருப்பினும் நவஹோ இனத்தவர் ஒருவருக்கு, இவ்விதியின் கீழ் வராத வாகனக் கடத்தல் சட்டப்பிரிவின்படி விதிக்கப்பட்ட மரணதண்டனை, நவஹோ அரசின் எதிர்ப்பையும் மீறி ஆகஸ்ட் 26, 2020 அன்று நிறைவேற்றப்பட்டது. அவ்வழக்கில் கொல்லப்பட்டவர்களும் நவஹோ மக்களே ஆவர்.

உண்மை நிகழ்வுகளின் தாக்கம்

பல புதினங்கள் அப்பகுதியின் உண்மைச் சிக்கல்களையும் நிகழ்வுகளையும் அடிப்படையாகக் கொண்டவை. எ தீப் ஆப் டைம் (1988) பழம்பெரும் புவேப்லோ மக்களின் மட்பாண்டங்களுக்காகக் கல்லறைகள் தோண்டப்படுவதைப் பேசுகிறது. டாக்கிங் காட் (1989) அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டுள்ள தொல்குடியினரின் எலும்புகளைத் திருப்பித் தருவது பற்றியது. அவற்றைத் திருப்பித்தர வகைசெய்யும் நடுவண் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டில், 1990 இல், நிறைவேறியது. ஹண்டிங் பேட்ஜர் (1999) கொலராடோவின் கோர்ட்டெஸ் நகரில் 1998 இல் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதையும் அதைத் தொடர்ந்த மாபெரும் தேடுதல் வேட்டையையும் பின்னணியாகக் கொண்டது. இசுகெலிட்டன் மேன் (2004) கிராண்ட் கேன்யன் மேல் 1956 இல் இரு விமானங்கள் மோதி 128 பேர் இறந்த விபத்தை அடியொற்றியது.

பிற எழுத்தாளர்கள்

எய்மி தர்லோ, டேவிட் தர்லோ இணையர் 1995 இல் பிளாக்கனிங் சாங் என்ற புதினத்துடன் எல்லா கிளா வரிசையைத் தொடங்கினர். எல்லா கிளா எப்.பி.ஐ பணியிலிருந்து தம் மக்களின் காவல்துறைக்கு வரும் நவஹோ பெண். டேவிட் தர்லோ ஷிப்ராக்கில் வளர்ந்தவர்.

2013 இல் ஆன் ஹில்லர்மனின் இசுபைடர் உமன்ஸ் டாட்டர் வெளிவந்தது.

2022 இல் வெளிவந்த ஷட்டர் புதினத்தின் ஆசிரியர் ரமோனா எமர்சன் தினே இனத்தைச் சேர்ந்தவர். தடயவியல் காணொளிப் பதிவாளராகப் பணியாற்றியவர். ஆல்புகெர்க்கி காவல்துறையின் தடயவியல் ஒளிப்படக் கலைஞரான நவஹோ பெண் ஒருவர் இறந்தோரின் ஆவிகளைக் காண்பதே இதன் கதைக்கரு. இறந்தோரை விலக்க வேண்டும் என்ற மரபு இங்கு கதைசொல்லியின் சொந்த வாழ்வுச் சிக்கலாக மாறுகிறது. இந்நூல் அவ்வாண்டின் அமெரிக்கத் தேசிய நூல் விருதின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது.

திரை வடிவங்கள்

த டார்க் விண்ட் 1991 இல் எரோல் மோரிசு இயக்கத்தில் திரைப்படமானது. இதற்கு ஹோப்பி மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. 2002 முதல் 2004 வரை இசுகின்வாக்கர்ஸ், கயோட்டி வெயிட்ஸ், எ தீப் ஆப் டைம் ஆகியன பி.பி.எசு பொதுத் தொலைக்காட்சியில் படங்களாக ஒளிபரப்பாயின. இவற்றில் வெசு இசுடூடி லீப்ஹார்னாகவும் ஆடம் பீச் சீயாகவும் நடித்தனர்.

2022 இல் ஏ.எம்.சி தொலைக்காட்சியில் டார்க் விண்ட்ஸ் தொடர் தொடங்கியது. 1970களில் நடப்பதாக அமைந்த இத்தொடரில் சான் மெக்லார்னன், கியோவா கோர்டன், ஜெசிக்கா மாட்டன் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். ராபர்ட் ரெட்போர்டு தயாரிப்பாளர்களுள் ஒருவர்.

வரவேற்பும் திறனாய்வும்

டான்சு ஹால் ஆப் த டெட் 1974 இல் சிறந்த புதினத்திற்கான எட்கர் விருதைப் பெற்றது. அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் 1991 இல் ஹில்லர்மனுக்குப் பெரும் ஆசான் பட்டம் வழங்கியது. நவஹோ தேசம் 1987 இல் 'தினே மக்களின் சிறப்பு நண்பர்' என அவரைப் பாராட்டியது. இவ்விருதையே தாம் பெரிதும் மதிப்பதாக அவர் கூறியுள்ளார்.

இப்புதினங்களை ஏற்காதோரும் உண்டு. சடங்குகளும் சூனியமும் வெளியாரிடம் பேசத்தகாதவை, அவற்றை மர்மக்கதையின் சுவைக்காகப் பயன்படுத்துவது முறையன்று என்பது தொல்குடி அறிஞர் சிலரின் கருத்தாகும். நவஹோ அல்லாத ஒருவர் எழுதிய நூல்கள் நவஹோ வாழ்வைப் பற்றி உலகம் அறியும் முதன்மை வாயிலாகிவிட்டன என்பதும் ஒரு குறையாகச் சுட்டப்படுகிறது. டார்க் விண்ட்ஸ் தொடரின் தொடக்கத்தில் நவஹோ மொழி ஒலிப்பில் இருந்த பிழைகளையும், முதன்மை நடிகர் நவஹோ அல்லர் என்பதையும் நவஹோ பார்வையாளர் சிலர் கண்டித்தனர்.

மறுபுறம், கௌபாய் படங்களில் பெயரின்றி வீழ்ந்த தொல்குடியினரை, சிந்திக்கும், ஐயுறும், நகைக்கும் மனிதராக வெகுமக்கள் வாசிப்புக்குக் கொண்டுவந்தவை இப்புதினங்கள் எனப் போற்றுவோரும் உள்ளனர். ரமோனா எமர்சன் போன்ற தினே எழுத்தாளர்கள் இதே நிலத்தின் குற்றக் கதைகளைத் தாமே எழுதத் தொடங்கியுள்ளமை இவ்வகையின் அண்மைக்கால வளர்ச்சியாகும்.

டோனி ஹில்லர்மனின் நவஹோ புதினங்கள்

1970 – த பிளெஸ்ஸிங் வே
1973 – டான்சு ஹால் ஆப் த டெட்
1978 – லிசனிங் உமன்
1980 – பீப்பிள் ஆப் டார்க்னஸ்
1982 – த டார்க் விண்ட்
1984 – த கோஸ்ட்வே
1986 – இசுகின்வாக்கர்ஸ்
1988 – எ தீப் ஆப் டைம்
1989 – டாக்கிங் காட்
1990 – கயோட்டி வெயிட்ஸ்
1993 – சேக்ரட் கிளவுன்ஸ்
1996 – த பாலன் மேன்
1998 – த பர்ஸ்ட் ஈகிள்
1999 – ஹண்டிங் பேட்ஜர்
2002 – த வெய்லிங் விண்ட்
2003 – த சினிஸ்டர் பிக்
2004 – இசுகெலிட்டன் மேன்
2006 – த ஷேப் ஷிப்டர்